ஹாகியா சோபியா: மூட்டு வலியோடு ஏற முடியுமா?

கீழக்கரை_பையன்: ஊருக்குத் திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் ஒரு வெள்ளிக்கிழமை கிடைக்கிறது. ஹாகியா சோபியா (பழைய தேவாலயம், இப்போது பள்ளிவாசல்) பார்க்க ஆசை. கூட உம்மா, மூட்டு வலி. வெளிநாட்டுக்காரர்களுக்கு மேல்தளம் மட்டும்தானாமே, படி எத்தனை? வழிகாட்டி தேவையா?

மண்டபம்வாசி: ஜும்ஆ தொழுகை இருப்பதால் வெள்ளியன்று பார்வையாளர்களை மதியம் 2.30-க்கு மேல்தான் விடுவார்கள், தம்பி. 2024 ஜனவரியிலிருந்து 25 யூரோ. தொழுகைக்குக் கீழ்த்தளம், வேறு வாசல், காசில்லை. மேலே போவது படி அல்ல, கல் பாவிய சரிவுப் பாதை. தேய்ந்து வழுவழுவென்று இருக்கும்; ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டி வாங்கும். ரப்பர் அடி உள்ள செருப்பு போடுங்கள். கைப்பேசியிலேயே ஒலிவிளக்கம் உண்டு, இயர்போன் மறக்காதீர்கள். வழிகாட்டி வைத்தால் உரிமம் உள்ளவராகப் பாருங்கள். வாசலில் வலிய வந்து ஒட்டிக்கொள்கிறவர் வேண்டவே வேண்டாம்.

பாம்பன்_கொத்தனார்: மேலே போனதும் தூண்களைப் பாருங்க. நேராக நிற்காது, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். 532-இல் தொடங்கி 537-இல் முடித்துவிட்டார்கள். அந்த அவசரம்தான் வினை. சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்த சாந்து, நம்ம சுர்க்கி மாதிரியேதான். ஆனால் செங்கல் கனத்துக்கே சாந்தும் வைத்திருக்கிறார்கள். அது இறுகும் முன்பே மேலே பாரம் ஏற்றினால் சுவர் நகராமல் என்ன செய்யும்? முதல் குவிமாடம் தட்டையாக இருந்ததால் பக்கவாட்டில் தள்ளியது. 557-இல் நிலநடுக்கம், 558-இல் சரிந்தது. அடுத்ததை ஏறக்குறைய 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள், தள்ளுவிசை குறைந்தது. அதிலும் 989-இல் மேற்குப் பக்கமும் 1346-இல் கிழக்குப் பக்கமும் விழுந்து, திரும்பக் கட்டியதுதான். குவிமாடத்தின் அடியில் சன்னல் மட்டும் 40.

தங்கச்சிமடம்_டீச்சர்: கொத்தனார் அண்ணன் சாந்தை விடமாட்டார்! மேல்தளத்தின் தெற்கு மாடத்தில் பளிங்குக் கதவு தாண்டியதும் வலப்பக்கம் திரும்புங்கள். சின்னச் சின்னக் கற்கள் பதித்த மொசைக் படம் இருக்கும். நடுவில் இயேசு, ஒருபுறம் மாதா, மறுபுறம் திருமுழுக்கு யோவான் (உங்களுக்கு யஹ்யா நபி). கீழ்ப்பாதி உதிர்ந்துவிட்டது. இடப்பக்கம் நிஜ சன்னல் இருக்கிறது. முகங்களில் நிழல் விழுவதும் அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான். கிட்டே போனால் கன்னத்துக் கற்கள் எவ்வளவு பொடி என்று தெரியும். கிழக்கு முனையில் இன்னொரு மொசைக், பைசாந்தியப் பேரரசி சோயி. கணவர் மாறியபோது படத்தில் கணவரின் தலையையும் பெயரையும் சுரண்டி மாற்றியிருக்கிறார்கள், எழுத்து நெருக்கியடித்து நிற்பதைப் பாருங்கள். ஃபிளாஷ் போடக்கூடாது. உம்மாவுக்கு முக்காடு இருக்கும், கவலையில்லை.

கீழக்கரை_பையன்: இரண்டு மணி நேரம் போதுமா டீச்சர்?

தங்கச்சிமடம்_டீச்சர்: மேல்தளத்துக்கு ஒன்றரை தாராளம். வரிசையில் நிற்பது தனிக்கணக்கு.