ஜெய் சவுத்ரியின் எம்பிஏவைக் காட்டி நம் பிள்ளைகளை வளைக்காதீர்கள்

செந்தூல் சேகர்
ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்விக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் மேடையில் சொன்னது இது: “தொழில்நுட்பம் மட்டும் தெரிந்தவன் கடைசிவரை சம்பளக்காரன்தான். சைபர் பாதுகாப்போடு வணிகத் தலைமையும் தொழில்முனைவும் சேர்த்து முதுகலை படித்தவன்தான் முதலாளி ஆவான். ஸீஸ்கேலர் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் நிறுவனர் ஜெய் சவுத்ரியைப் பாருங்கள், எம்பிஏ படித்தவர்.” உடனே கைதட்டல். வாசலில் பதிவுப் படிவத்தோடு மேசை.

எம்பிஏ படித்தது உண்மை. சின்சினாட்டி பல்கலையில் கணினிப் பொறியியல், தொழிலகப் பொறியியல், எம்பிஏ மூன்றும் படித்தார். ஆனால் முதல் நிறுவனமான செக்யூர்ஐடியை எப்போது தொடங்கினார்? 1996ல். நடுவில் ஐபிஎம், என்சிஆர், யூனிசிஸ் என்று பல ஆண்டுகள் வேலை. முதலீட்டாளர்கள் கையை விரித்ததும் அவரும் மனைவி ஜோதியும் வேலையை விட்டு வாழ்நாள் சேமிப்பை இறக்கினார்கள், ஏறக்குறைய 500,000 அமெரிக்க டாலர். அவரை முதலாளி ஆக்கியது அந்தச் சேமிப்பு. பட்டம் அல்ல. மேடையில் இருந்தவர் சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிள்ளான் கவிதா
சேகர், எம்பிஏ படித்தது உண்மை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் சண்டை எதற்கு? சேமிப்பு எத்தனையோ பேரிடம் இருக்கிறது. நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனம் வளர்ந்ததைப் பார்த்து, வியாபாரம் இணையத்துக்குப் போகும், போனால் பாதுகாப்பை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கணித்தவர் அவர். 1998ல் செக்யூர்ஐடியை வெரிசைன் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு விற்றும்விட்டார். எப்போது தொடங்குவது, யாருக்கு விற்பது, எப்போது விலகுவது என்பதெல்லாம் ஃபயர்வால் விதி எழுதுவதால் வருகிற அறிவு இல்லை.

நான் வங்கித் துறையில் இடர் மேலாண்மை பார்க்கிறேன். போர்டு மீட்டிங்கில் தொழில்நுட்பத் தம்பிகள் முப்பது ஸ்லைடு காட்டுவார்கள். இயக்குநர் ஒருவர் “சரி, இதைச் செய்யாவிட்டால் நமக்கு எவ்வளவு நஷ்டம்?” என்று கேட்பார். அறையே அமைதியாகிவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தால் அந்தப் படிப்புக்கு நான் ஆதரவு.

செந்தூல் சேகர்
அக்கா, கணித்தது எம்பிஏ வகுப்பில் இல்லை. பல ஆண்டு வேலை பார்த்த பிறகு. நான் சொன்னதையே நீங்கள் திருப்பிச் சொல்கிறீர்கள். சேமிப்பு இல்லாமல் அந்தக் கணிப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்? இன்னும் யூனிசிஸில் இருந்திருப்பார்.

பட்டர்வொர்த் மணி
நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஐடி பிரிவில் இருக்கிறேன். இப்படிப்பட்ட ஒரு முதுகலையைத்தான் பகுதிநேரமாகப் படிக்கிறேன். சேகர் வழக்கம்போலப் படிக்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார். முன்பு இங்கே நடந்த சான்றிதழ் விவாதத்திலும் இப்படித்தான் செய்தார்.

ஒன்று கேட்கிறேன். 2018 ஆகஸ்டில் தைவானின் சில்லு தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் ஆலைகளில் வானாக்ரை (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வகை வைரஸ் புகுந்தது. காரணம் பெரிய ஹேக்கர் கூட்டம் இல்லை. புது இயந்திரம் ஒன்றை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். சோதனை செய்ய வேண்டும் என்பது அங்கிருந்த எந்த டெக்னீஷியனுக்கும் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் “சோதனை முடியும்வரை லைனைத் தொடாதே” என்று உற்பத்தி மேலாளரிடம் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த அதிகாரத்தை எப்படி வாங்குவது, எப்படி எழுதி வைப்பது, நிறுத்தினால் ஆகும் செலவை எந்தக் கணக்கில் போடுவது? இதைத்தான் எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பினாங்கில் இருப்பவனுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கேஎல்லில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவர்களுக்குப் புரியாது.

செந்தூல் சேகர்
கண்ணாடிக் கட்டடமா? நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டேட்டா சென்டரில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன், மணி. பென்டெஸ்ட், அதாவது நாமே தாக்கிப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஊடுருவல் சோதனை, என்றால் என்ன என்று உங்கள் வகுப்பில் ஸ்லைடில் காட்டியிருப்பார்கள்.

டிஎஸ்எம்சி கதை நல்ல கதை. ஆனால் கேள்வி அது இல்லை. ஜெய் சவுத்ரியை முதலாளி ஆக்கியது எம்பிஏவா, சேமிப்பா? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

நிபோங் திபால் வாத்தியார்
வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். என் மகள் கணினி அறிவியல் முடித்து சைபர்ஜெயாவில் சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். அவளும் அந்தக் கருத்தரங்குக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்திருக்கிறாள். இப்போதே சேரலாமா, இல்லை சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சேர்வது நல்லதா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிள்ளான் கவிதா
ஐயா, முதலில் அந்தப் படிப்பு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முதுகலை என்றால் தகுதிக் கட்டமைப்பில் 7ஆம் நிலை. பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) செஜாதெரா என்ற கணக்கிலிருந்தும் கல்விக்கு எடுக்கலாம்.

செந்தூல் சேகர்
சேமநிதியா! அக்கா, இந்த ஒரு வரிக்காகவே இந்த இழையைத் தொடங்கியது சரி என்று தோன்றுகிறது. வயதான காலத்துக்குக் கிடக்கிற பணத்தை எடுத்து, “நீயும் ஜெய் சவுத்ரி ஆகலாம்” என்பவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா? அவர் சேமிப்பைக் கம்பெனியில் போட்டார். நம் பிள்ளைகள் சேமிப்பைக் கட்டணத்தில் போட்டுவிட்டு, கம்பெனி தொடங்கும்போது வெறுங்கையோடு நிற்பார்கள். ஒரே பணத்தை இரண்டு இடத்தில் போட முடியாது!

ஐயா, உங்கள் மகள் சிஐஎஸ்எஸ்பி என்ற சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுதட்டும். அதற்கு 5 ஆண்டு அனுபவம் வேண்டும், பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். 2020ல் பிரிட்டனில் தகுதிகளை ஒப்பிட்டு மதிப்பிடும் நாரிக் அமைப்பே அதை முதுகலை நிலைக்கு, அவர்களுடைய 7ஆம் நிலைக்கு, இணையாக மதிப்பிட்டது.

பட்டர்வொர்த் மணி
அந்தத் தாளை எடுத்துக்கொண்டு யூஎஸ்எம் பல்கலை வாசலில் போய் பிஎச்டிக்கு இடம் கேளுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

செந்தூல் சேகர்
பிஎச்டி யார் கேட்டது? வேலைக்காரன் வேலைக்கு என்ன வேண்டுமோ அதைச் சொன்னேன்.

ஆயர் ஈத்தாம் ரவி
இத்தனை பேர் முதலாளியைப் பற்றிப் பேசுகிறீர்கள், முதலாளி நான் ஒருவன்தான் இங்கே இருக்கிறேன் போலிருக்கிறது. சின்ன கம்பெனி, பென்டெஸ்ட் செய்கிறோம். என்னை எம்பிஏவும் காப்பாற்றவில்லை, சேமிப்பும் காப்பாற்றவில்லை. வாடிக்கையாளர் 90 நாள் கழித்துப் பணம் தருவார். சம்பளம் மாதக் கடைசியில் போயே ஆக வேண்டும். பேங்க்கில் கடன் கேட்டால் “சொத்து என்ன?” என்பார்கள். எங்கள் சொத்து நாலு லேப்டாப்பும் நாலு பேர் மூளையும். இந்திய வியாபாரிகளுக்கு அரசு நிறுவனமான தேக்குன் நடத்தும் ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. கடைக்கும் கேட்டரிங்குக்கும் சரி. எங்கள் தொழிலை விளக்கவே எனக்குப் பாதி நாள் போனது.

அதோடு இப்போது உரிமம். சைபர் பாதுகாப்புச் சட்டம் 2024, ஆகஸ்டு 26லிருந்து நடப்பில் இருக்கிறது. ஊடுருவல் சோதனை, கண்காணிப்பு மையம், இந்த இரண்டு சேவைக்கும் உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நேற்றுவரை தனியாளாக ஃப்ரீலான்ஸ் பென்டெஸ்ட் செய்துகொண்டிருந்த பையன்களுக்கு இதை எந்த வகுப்பில் சொன்னார்கள்? தொழில்முனைவு என்று பெயர் வைத்துவிட்டு, குவோட்டேஷன் எப்படிப் போடுவது, பொறுப்புக் காப்புறுதி எவ்வளவுக்கு எடுப்பது, உரிமத்துக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று சொல்லித்தராவிட்டால் அந்தப் பெயர் வேஸ்ட்.

பட்டர்வொர்த் மணி
ரவி அண்ணே, அதெல்லாம் எங்கள் பாடத்தில் இருக்கிறது.

ஆயர் ஈத்தாம் ரவி
இருக்கட்டும் தம்பி. சொல்லித்தருபவர் எப்போதாவது சொந்தமாக இன்வாய்ஸ் அடித்திருக்கிறாரா?

செந்தூல் சேகர்
ரவி அண்ணன் சொன்னதைப் படியுங்கள். 90 நாள் தாங்குவது எதனால்? கையில் இருக்கிற பணத்தால். அதாவது சேமிப்பு. ஜெய் சவுத்ரியும் அதைத்தான் செய்தார்.

ஆயர் ஈத்தாம் ரவி
சேகர், என்னை உங்கள் கட்சியில் சேர்க்காதீர்கள். சேமிப்பும் காப்பாற்றவில்லை என்று தமிழில்தானே எழுதினேன்.

கிள்ளான் கவிதா
அந்தச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் நக்சாவுக்கு (தேசிய சைபர் பாதுகாப்பு முகமை) முதல் தகவல் போக வேண்டும். முழு விவரத்துக்கு 14 நாள். இது வங்கி, மருத்துவம், போக்குவரத்து, எரிசக்தி என்று 11 துறைகளில் முக்கியக் கட்டமைப்பை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு. தனிநபர் தரவு கசிந்தால் 2025 ஜூன் முதல் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். இரண்டு கடிகாரம் ஒரே சமயத்தில் ஓடும். ராத்திரி மூன்று மணிக்கு லாக் (கணினியில் நடந்ததன் பதிவு) படிக்கத் தெரிந்தவர் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைமை நிர்வாகியை எழுப்பி, வக்கீலைப் பிடித்து, என்ன சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று முடிவெடுக்க வைப்பவர் யார்?

2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டு 10 மில்லியன் அமெரிக்க டாலர் கேட்டார்கள். பிரதமரே மறுத்துவிட்டதாகச் சொன்னார். அப்படி ஒரு முடிவு பிரதமர் மேசைவரை போகிறது என்றால், இது டெக்னீஷியன் விஷயம் மட்டும் இல்லை என்பது புரிய வேண்டாமா? நியூயார்க் பல்கலையில் சட்டப் பள்ளியும் தண்டன் பொறியியல் பள்ளியும் சேர்ந்து சைபர் இடருக்கென்றே ஒரு முதுகலை நடத்துகின்றன. அவர்கள் என்ன முட்டாள்களா?

உதாரணம் வேண்டும் என்றால் இன்னொன்று. பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தை 2018லிருந்து நடத்தும் நிகேஷ் அரோரா எம்பிஏ, நிதியியல் முதுகலை இரண்டும் படித்தவர். சைபர் பின்னணியே கிடையாது.

செந்தூல் சேகர்
மிக்க நன்றி அக்கா, இதைத்தான் எதிர்பார்த்தேன். நிகேஷ் அரோரா நிறுவனரா? இல்லை. 2005ல் அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் நிர் ஜூக், செக் பாயிண்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தில் கோடு எழுதிய பொறியாளர். அரோரா சம்பளத்துக்கு வந்தவர். “தொழில்நுட்பம் மட்டும் தெரிந்தவன் சம்பளக்காரன், வணிகம் படித்தவன் முதலாளி” என்றார் மேடைக்காரர். உங்கள் உதாரணத்தில் தொடங்கியவர் தொழில்நுட்பக்காரர், சம்பளக்காரர் எம்பிஏ! இதைவிட நான் என்ன சொல்ல வேண்டும்?

அப்புறம் ஒன்று. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், லாக் கோப்பைத் திறக்கவே தெரியாத ஒருவரை எம்பிஏ இருக்கிறது என்று எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். அவர் எழுதிய அறிக்கை ஒவ்வொன்றும் என்னுடையது. என் பெயர் ஒன்றில்கூட இல்லை. இதை நான் மறக்கப் போவதில்லை.

பட்டர்வொர்த் மணி
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அந்த ஒருவர் மேல் உள்ள கோபத்தை எங்கள் படிப்பின் மேல் காட்டுகிறீர்கள்.

செந்தூல் சேகர்
கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அதற்காக 1996 என்ற வருடம் மாறிவிடுமா? 500,000 டாலர் குறைந்துவிடுமா?

கிள்ளான் கவிதா
அந்த 500,000 டாலர் எங்கிருந்து வந்தது, சேகர்? மரத்தில் காய்த்ததா? ஐபிஎம்மிலும் யூனிசிஸிலும் அவ்வளவு சம்பாதிக்க அவருடைய படிப்பும் ஒரு காரணம்தானே? எம்பிஏ இல்லாமல் அந்தப் பதவிகள் கிடைத்திருக்குமா?

செந்தூல் சேகர்
இரண்டு பொறியியல் முதுகலை வைத்திருந்தார் அக்கா. அதை ஏன் எல்லாரும் வசதியாக விட்டுவிடுகிறீர்கள்? மேடையில் இருந்தவரும் விட்டுவிட்டார்.

பட்டர்வொர்த் மணி
அப்படியானால் படிப்புதான் காரணம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

செந்தூல் சேகர்
பொறியியல் படிப்பு! உழைப்பு! சேமிப்பு! எம்பிஏ கடைசி. எத்தனை தடவை எழுதுவது?

ஆயர் ஈத்தாம் ரவி
ஸீஸ்கேலர் அவருக்கு முதல் கம்பெனி இல்லை. நடுவில் சைஃபர்டிரஸ்ட், ஏர்டிஃபென்ஸ் என்று வேறு கம்பெனிகளும் தொடங்கினார். 2007ல்தான் ஸீஸ்கேலர். ஒன்றை விற்ற பணமும் அனுபவமும் அடுத்ததற்கு. நீங்கள் மூன்று பேரும் முதல் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

செந்தூல் சேகர்
ஒன்றை விற்ற பணம் என்றால் என்ன அண்ணே? சேமிப்பு.

நிபோங் திபால் வாத்தியார்
மன்னிக்கவும், குறுக்கிடுகிறேன். பதிவேட்டில் பார்த்துவிட்டேன், அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறது. என் கேள்வி, இப்போதா, பிறகா என்பது. மகள் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம்.

பட்டர்வொர்த் மணி
ஐயா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் உங்கள் மகளைப் போலக் கண்காணிப்பு மையத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேச வைக்கிறேன்.

செந்தூல் சேகர்
தனிச்செய்தி எதற்கு? இங்கேயே எழுதலாமே. எந்தக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறீர்கள், மணி? ஐயா, முன்பணம் கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் என்று அவசரப்படுத்துகிற இடத்தில் எதுவுமே வாங்கக் கூடாது.

பட்டர்வொர்த் மணி
ஆள் பிடிக்கிறேனா? சொந்தக் காசில் கட்டணம் கட்டி, சனி ஞாயிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ப் படிக்கிறேன். ஐயாவின் மகள் விவரத்தைப் பொதுவில் கொட்ட வேண்டாம் என்று தனியாக எழுதினேன். இந்த வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள், சேகர். நிர்வாகிகள் இதைப் பார்க்க வேண்டும்.

செந்தூல் சேகர்
பார்க்கட்டும். அந்தத் தனிச்செய்தியில் இருக்கிற கல்லூரிப் பெயரையும் சேர்த்துப் பார்க்கட்டும்.