மக்காச்சோளம்: மாவாக உழுது மேலாக விதைப்பதா, ஐந்து சென்டிமீட்டர் இறக்குவதா?

புழுதிக்காடு:
சென்ற போகத்தில் 'ஐந்து சென்டிமீட்டர் ஆழம்' என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு விதைத்தேன். மண் சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் முளை முழுவதும் மேலே வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. இந்த முறை ரோட்டவேட்டரை மூன்று தரம் ஓட்டி, மண்ணைச் சலித்த மாவாக்கி, இரண்டரை சென்டிமீட்டரில் போடப் போகிறேன். 'அகல உழுவதை விட ஆழ உழு' என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். ஆழ விதை என்று யாரும் சொல்லவில்லை.

வேர்நோக்கி:
பழமொழியை விடுங்கள் அண்ணா, செடியைக் கேட்போம். மக்காச்சோளம் கடைசி வரை நிற்பது விதையிலிருந்து முதலில் வரும் வேரில் அல்ல, கணுவேரில். விதை முளைத்ததும் ஒரு வெள்ளைத் தண்டு மேல்நோக்கி நீளும். முளையின் நுனியில் வெளிச்சம் பட்டதும் அது நீள்வதை நிறுத்திவிடும். அங்கேதான் கணு அமையும், கணுவேரும் அங்கிருந்துதான் இறங்கும். நான்கில் போட்டாலும் ஆறில் போட்டாலும் அந்தக் கணு ஏறக்குறைய தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கும்.

புழுதிக்காடு:
நீங்களே எனக்குச் சாதகமாகப் பேசிவிட்டீர்கள் தம்பி. கணு எப்படியும் இரண்டில்தான் உட்காரும் என்றால், இரண்டரையில் விதைத்த எனக்கு என்ன நட்டம்?

வேர்நோக்கி:
நல்ல கேள்வி. நட்டம் உங்கள் ரோட்டவேட்டரில் ஒளிந்திருக்கிறது. மூன்று தரம் அடித்த மண் பஞ்சுபோல் உப்பி நிற்கும். நீங்கள் அளந்த இரண்டரை, உப்பிய மண்ணில் இரண்டரை. ஒரு மழை பெய்து மண் அமர்ந்ததும் அது ஒன்றரைதான். விதைக்கு மேலே கணு இறங்க இடமே இல்லாமல், ஒரு சென்டிமீட்டரில் தொங்கும். நான்கு நாள் வெயில் அடித்தால் முதலில் காய்வது அந்த மேல்மண்தான். புதிதாக நீட்டும் கணுவேரின் நுனி காய்ந்த மண்ணில் பட்டதும் கருகி நின்றுவிடும். செடி பார்க்கப் பச்சையாகவே இருக்கும். காற்றடித்தால் அடியோடு சாயும். பிடுங்கிப் பார்த்தால் ஒரே ஒரு கயிற்றில் தொங்குவதுபோல் இருக்கும். இப்படி ஒரு வயலைப் பார்த்திருக்கிறேன். 'தண்டுப்புழு' என்று சொல்லி அதற்கு மருந்தும் அடித்து முடித்திருந்தார்கள்.

உழாதவர்:
இருவரும் உழுதுவிட்டுத்தான் சண்டை போடுகிறீர்கள். நான் உழுவதே இல்லை. முந்தைய பயிரின் தாள் மேலே கிடக்கும், ஈரம் தங்கும், மழைத்துளி மண்ணை அடிக்காது. மாவாக்கிய மண்ணில் பெருமழை பெய்து மறுநாள் வெயில் காய்ந்தால் என்ன ஆகும் என்று புழுதிக்காடு ஐயாவுக்குத் தெரியாதா? மேலே ஓடு கட்டிவிடும். முளை அதை முட்டி முட்டிச் சுருண்டு, மண்ணுக்குள்ளேயே இலை விரித்துச் செத்துப்போகும்.

வேர்நோக்கி:
ஓடு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தாள் என்றால் எல்லாம் நன்மை என்று வைத்துக்கொள்ள வேண்டாம். விதைக்கும் கருவியில் சால் கீறும் தட்டு கூர்மழுங்கி இருந்தால் தாளை வெட்டாது, மடித்துச் சாலுக்குள் திணிக்கும். விதை வைக்கோல் மெத்தையில் படுத்திருக்கும், மண் அதைத் தொடாது. மக்காச்சோள விதை தன் எடையில் 30 சதவீதம் அளவுக்கு நீரை உறிஞ்சினால்தான் முளைக்கும். காற்று இடைவெளி வழியாக அது நடக்காது. தாள் மூடிய மண் மெதுவாகச் சூடாகும் என்பதும் உண்டு. பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே விதை அசையவே அசையாது.

உழாதவர்:
தட்டைத் தீட்டாதது என் முறையின் குற்றமா?

வேர்நோக்கி:
இல்லை. ஈரம் வடியும் முன்பே அவசரப்பட்டு விதைப்பதும் உங்கள் முறையின் குற்றம் இல்லைதான். ஆனால் இரண்டும் உங்கள் வயலில்தான் அதிகம் நடக்கின்றன. ஈரக் களிமண்ணில் தட்டு ஓடினால் சாலின் இரு பக்கச் சுவரும் பூசி மெழுகியதுபோல் ஆகிவிடும். பிறகு காய்ந்தால் செங்கல். வேர் பக்கவாட்டில் நுழைய முடியாமல் சால் வழியாகவே விசிறிபோல் தட்டையாக ஓடும்.

செம்மண்மகள்:
எல்லோரும் ஐந்தே ஐந்து என்கிறீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி பழங்குடி மக்கள் வறண்ட மணலில் கோலால் குழி தோண்டி, ஒரு சாண் ஆழத்தில்கூட மக்காச்சோளம் போட்டு எடுக்கிறார்களே? 1914-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஈரம் இருக்கும் இடத்துக்கு விதை போவதுதானே முறை?

வேர்நோக்கி:
உண்மைதான் அக்கா. ஆனால் அது அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த விதை. அந்த வெள்ளைத் தண்டு அதற்கு அவ்வளவு தூரம் நீளும். ஒரு குழியில் பல விதை போட்டு, குழிகளை எட்ட எட்ட வைப்பார்கள். நாம் பையைக் கிழித்துப் போடும் வீரிய ஒட்டுவிதைக்கு அந்த நீளம் கிடையாது. ஈரம் கீழே இருக்கும் மணற்பாங்கில் ஆறு, ஏழு வரை போகலாம், நானே போயிருக்கிறேன். ஈரக் களிமண்ணில் நான்கு போதும்.

புழுதிக்காடு:
கட்டியும் முட்டியுமாகப் போட்டால் பாதி விதை கட்டிக்கு அடியில் மாட்டும். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வேர்நோக்கி:
விதையைச் சுற்றி ஒரு கை அகலம் பொலபொலவென்று இருந்தால் போதும். இரண்டு வரிசைக்கு நடுவே கட்டி கிடப்பது நல்லது, மழை ஓடாமல் உள்ளே இறங்கும். வயல் முழுவதையும் மாவாக்குவது நம் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். செடிக்கு வேண்டியது அழகு அல்ல, ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து எழுவது. பக்கத்துச் செடியை விட இரண்டு இலை பின்தங்கிய மக்காச்சோளம் கடைசிவரை எட்டிப் பிடிக்காது. தண்ணீரும் உரமும் தின்னும், கதிர் வைக்காது. அதைக் களை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 

பத்து நாள் பிடித்தது என்றீர்களே, அது எல்லாச் செடிக்குமா, சிலவற்றுக்கா? பின்பட்டமாக, அதாவது பிந்திய விதைப்பாக, ஏதாவது போட்டிருந்தால், இரண்டு மூன்று இலைப் பருவத்தில் பத்துச் செடியைத் தோண்டுங்கள். காலி விதையிலிருந்து கணு வரை அளந்து, இரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் விதை விழுந்த ஆழம் ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

புழுதிக்காடு:
இன்று காலை தோண்டினேன். பின்பட்டம் அரை ஏக்கர், அதே கருவி, அதே ஆள். ஐந்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது மூன்றிலும் கிடக்கிறது, எட்டிலும் கிடக்கிறது. எட்டில் கிடந்தவைதான் இரண்டு இலை குறைவு. கட்டியில் ஏறிய இடத்தில் மேலே, பள்ளத்தில் இறங்கிய இடத்தில் கீழே.

செம்மண்மகள்:
அப்படியானால் ஆழம் கெட்டது உழவினால்தானே? ஐயா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

வேர்நோக்கி:
இருக்கிறது. மேடுபள்ளத்தைத் தட்டிச் சமன் செய்ய ரோட்டவேட்டர் ஒரு தரம் ஓடட்டும், நான் தடுக்கவில்லை. மூன்று தரம் வேண்டாம் என்கிறேன்.

புழுதிக்காடு:
சரி, ஒரு தரம். ஆனால் ஐந்துக்கு என் மனம் ஒப்பவில்லை. நான்கில் போடுகிறேன்.

வேர்நோக்கி:
நான்கு, மழைக்கு முன்பா, மழைக்குப் பின்பா?