ஜெர்மன் ஹோட்டலில் வசதிகளை எப்படிக் கேட்பது?

ரயில்_பிரியன்:
செப்டம்பரில் பெர்லினில் 4 இரவு, பிறகு ஷ்வார்ட்ஸ்வால்ட் பக்கம் மலைக்கிராமத்தில் ஒரு சின்ன விடுதியில் 3 இரவு. கூட அப்பா, அம்மா. அப்பாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது. பெர்லினில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம், கிராமத்தில் சந்தேகம்தான். கெட்டில், லிஃப்ட், வைஃபை, காலை உணவு இந்த நாலையும் ஜெர்மனில் கேட்க வாக்கியம் தருவீர்களா? "ஹாபன் ஸீ கெட்டில்" என்றால் புரியுமா?

உம்லவுட்:
கெட்டில் என்றால் விழிப்பார்கள். அதற்கு "வாஸ்ஸர்கொகர்" என்று பெயர். இரண்டாவது 'க'வை 'மகன்' என்பதில் வருகிற மாதிரி, ஆனால் இன்னும் தொண்டைக்குள்ளிருந்து சொல்லுங்கள்.

ஒரே ஒரு சட்டகம் போதும்: "கிப்ட் எஸ் ...?" நம்ம ஊர் "... இருக்கா?" தான் அது. "கிப்ட் எஸ் ஐனன் வாஸ்ஸர்கொகர் இம் ட்ஸிம்மர்?" அறையில் கெட்டில் இருக்கா? "கிப்ட் எஸ் ஐனன் அவுஃப்ட்ஸூக்?" லிஃப்ட் இருக்கா? "கிப்ட் எஸ் வேலான்?" வைஃபை இருக்கா? 'ஐனன்' ஆண்பால் சொற்களுக்கு மட்டும். ஏசி பெண்பால் என்பதால் "ஐனெ க்ளீமா-ஆன்லாகெ". பால் தப்பினால் குடி முழுகிவிடாது. 'ட்ஸிம்மர்' என்பதை 'சிம்மர்' ஆக்காமல் இருந்தால் சரி.

காலை உணவு விலையில் சேர்த்தியா? "இஸ்ட் டாஸ் ஃப்ரூஷ்டுக் இன்பெக்ரிஃபன்?" அந்த 'ரூ'வுக்கும் 'டு'வுக்கும் நாக்கை 'ஈ' சொல்கிற இடத்தில் வைத்து, உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள்.

மாடிப்படி:
கேட்பது சுலபம், பதிலில்தான் கோட்டை விடுவோம். "பிஸ் ஹால்ப் ட்ஸேன்" என்றால் காலை உணவு ஒன்பதரை வரை. வார்த்தைக்கு வார்த்தை 'அரை பத்து' என்பதால் பத்தரை என்று எடுத்துக்கொண்டு போனால், மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அறை எண்ணும் அப்படித்தான். முப்பத்திரண்டை "ட்ஸ்வை உண்ட் ட்ரைஸிக்", அதாவது 'இரண்டும் முப்பதும்' என்பார்கள். 23 என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அப்பா விஷயத்தில் லிஃப்டை மட்டும் கேட்டால் போதாது. தரைத்தளம் "ஏர்ட்கெஷோஸ்". "எர்ஸ்டர் ஷ்டோக்" அதற்கு மேலே உள்ள மாடி. பழைய கட்டடங்களில் "ஹோக்பார்டெர்" என்று ஒன்று உண்டு. பெயருக்குத் தரைத்தளம், ஆனால் வாசலிலிருந்து ஆறேழு படி ஏறவேண்டியிருக்கும். லிஃப்ட்டே அந்தப் படிகளுக்கு அப்பால் நிற்கிற இடங்களும் உண்டு. ஆகவே "கிப்ட் எஸ் ஷ்டூஃபன் ஆம் ஐன்காங்?" (வாசலில் படி இருக்கா?) என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

கருங்காடு:
கிராமத்தில் "கூர்டாக்ஸெ" என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என ஒரு வரி உண்டு. பெரும்பாலும் அறை வாடகையில் சேராது. அதே 'இன்பெக்ரிஃபன்' இங்கும் கைகொடுக்கும்: "இஸ்ட் டீ கூர்டாக்ஸெ இன்பெக்ரிஃபன்?" கட்டியதும் கோனுஸ் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பகுதியில் பல ஊர்களில் இது தருவார்கள். உள்ளூர் பஸ், சாதாரண ரயில் இலவசம். அதிவேக ஐசிஇ ரயிலில் செல்லாது. பெர்லினிலும் தங்கும் வரி இருக்கிறது, 2025 முதல் 7.5 சதவீதம்.

கெட்டில் பெரும்பாலான அறைகளில் இருக்காது, இருந்தால் அதிர்ஷ்டம். கழிவறையில் தண்ணீர்க் குழாயும் அப்படியே. ஒரு மக் பெட்டியில் போகட்டும்.

ரயில்_பிரியன்:
நன்றி. அவர்கள் கடகடவென்று பதில் சொன்னால்?

உம்லவுட்:
ஒரு தாளும் பேனாவும் நீட்டி, "கோன்னன் ஸீ டாஸ் பிட்டெ அவுஃப்ஷ்ரைபன்?" எழுதித் தரமுடியுமா என்று அர்த்தம். ஆனால் கையெழுத்தில் அவர்களுடைய 1 நமக்கு 7 மாதிரி தெரியும். அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.