சுவரில் நகர்ந்த பூசணி விதை

குளியலறைச் சுவரில், பூசணி விதை போல ஒரு சாம்பல் நிறத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்திருப்பீர்கள். சுவர்ப்பூச்சு உதிர்ந்தது என்று நினைத்து, பல வருடம் அதைத் துடைப்பத்தால் தட்டிவிட்டிருக்கிறேன். ஒருநாள் அது நகர்ந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், உள்ளே ஒரு புழு! பழுப்புத் தலையையும் மூன்று ஜோடிக் கால்களையும் மட்டும் வெளியே நீட்டி, கூட்டை இழுத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. விரலால் மறித்தேன். சட்டென்று உள்ளே போனது, கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் தலை தெரிந்தது. இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பிக்கொள்ள வசதியாக நடுப்பகுதி அகலம்.

அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டு, ஒட்டடையும் செத்த கொசுக்களும் போட்டு வந்தேன். சில வாரங்கள் தின்றது. பிறகு அசைவே இல்லை. செத்துவிட்டதோ என்று வருந்திக்கொண்டிருந்தபோது, ஒரு மதியம் பாட்டிலுக்குள் சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. இறக்கை விரித்தால் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். முன் இறக்கையில் மங்கலான கரும்புள்ளிகள், பின் இறக்கை ஓரத்தில் மெல்லிய குஞ்சம். கூட்டின் முனையில் காலித் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கடியில் தினமும் பார்க்கிற பூச்சிதான். இரண்டும் ஒன்று என்று அதுவரை எனக்குத் தெரியாது.

—

அருமையான பதிவு. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் சொந்தம்தான் இதுவும், டினெய்டே குடும்பம். ஃபெரியோகா என்பது இதன் பேரினப் பெயர். தானே சுரக்கும் பட்டு நூலில் மணல், தூசி, நூல்துண்டு எல்லாம் ஒட்டி அந்தக் கூட்டைக் கட்டுகிறது. புழு வளர வளரக் கூடும் பெரிதாகும்; கடைசியில் 8 முதல் 14 மில்லிமீட்டர் வரை. என் வீட்டில் ஒரு கூட்டில் சிவப்பு நூல் பின்னியிருந்தது, எங்கள் மிதியடியின் நூல்!

—

எங்கள் வீட்டில் கம்பளிச் சால்வையையே ஓட்டை போட்டுவிட்டது. மருந்து அடித்தும் திரும்ப வந்தது. என்ன செய்யலாம்?

—

சால்வை போனது வருத்தம்தான். ஆனால் மருந்தை விட ஒட்டடைக் கோல்தான் கை கொடுக்கும். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, செத்த பூச்சி, இவைதான் அதற்கு முக்கிய உணவு. ஈரப்பதம் அதிகமான இடம் என்றால் இன்னும் செழிப்பு. அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் பாருங்கள், வரிசையாக ஒட்டியிருக்கும். பெண் பூச்சி சுமார் 200 முட்டை இடும், அதனால் ஒருமுறை பெருக்கினால் போதாது.

நானும் பெருக்குகிறேன். பாட்டிலில் வந்ததை மட்டும் அன்று மாலையே ஜன்னல் வழியாக விட்டுவிட்டேன்.