எல்எஸ்எம்ஓ மாதிரியில் 36 டிகிரி பக்கம் கூடுதல் பீக்: மழைக்காலத்தில் மட்டும் வருகிறது, உதவுங்கள்

திருநகர் மாணவி:
வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவி. காந்தப்புலத்தில் மின்தடை மாறும் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட் (சுருக்கமாக எல்எஸ்எம்ஓ) செய்கிறேன். ஒரு மாங்கனீஸ் அணுவுக்கு லாந்தனம் 0.7, ஸ்ட்ரான்சியம் 0.3. முறை வழக்கமான சாலிட் ஸ்டேட் வினைதான், அதாவது பொடிகளைக் கரைக்காமல் கலந்து சுடுவது: லாந்தனம் ஆக்சைடு, ஸ்ட்ரான்சியம் கார்பனேட், மாங்கனீஸ் டைஆக்சைடு மூன்றையும் எடை போட்டு, அகேட் உரலில் அரைத்து, 1000 டிகிரியில் சுட்டு, திரும்ப அரைத்து, பெல்லட்டாக (சிறு வில்லையாக) அழுத்தி 1250 டிகிரியில் சின்டர் செய்கிறேன், அதாவது பொடி இறுகிக் கெட்டியாகும்படி சுடுகிறேன்.

சித்திரை வெயிலில் செய்த மாதிரியைக் காரைக்குடிக்கு அனுப்பி எக்ஸ்ஆர்டி (எந்தப் படிகங்கள் உள்ளன என்று காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுத்தோம். ஒரு கூடுதல் பீக் கூட இல்லை. ஐப்பசி மழை பிடித்த பிறகு செய்தவற்றில் 36.1 டிகிரி கோணத்தில் சின்னதாக ஒரு பீக் (வரைபடத்தில் எழும் முகடு), 29 பக்கம் இன்னொன்று. திரும்ப அரைத்துச் சுட்டாலும் போகவில்லை. பொருட்கள் அதே பாட்டில்கள், உலையும் அதே உலை. மின்தடை அளவீடு தொடங்க வேண்டிய நேரம். எங்கே பார்ப்பது?

நாகமலை:
முதலில் உலையைச் சந்தேகப்படுங்கள். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் பழசானால் திரையில் 1250 காட்டும், உள்ளே உண்மையில் வேறாக இருக்கலாம். எளிய சோதனை ஒன்று உண்டு. தெற்காவணி மூல வீதியில் 999 வெள்ளிக் கம்பி ஒரு துண்டு வாங்கி, மாதிரி வைக்கும் அதே இடத்தில் வையுங்கள். வெள்ளி சுமார் 960 டிகிரியில் உருகும். 940இல் கம்பியாகவும் 980இல் உருண்டையாகவும் இருந்தால் உலை சரி.

திருநகர் மாணவி:
செய்து பார்த்தேன் அண்ணா. 940இல் கம்பி அப்படியே இருந்தது. 980இல் பளபளவென்று ஒரு முத்தாக உருண்டு கிடந்தது. அப்படியென்றால் உலை இல்லை.

வைகைக்கரை:
தங்கச்சி, 36.1உம் 29உம் சேர்ந்து வந்தால் அது ஹாஸ்மனைட், அதாவது மூன்று மாங்கனீசுக்கு நான்கு ஆக்சிஜன் உள்ள ஆக்சைடு. அதன் இன்னொரு பீக் 32.3 பக்கம் இருக்கும். உங்கள் முக்கிய பீக்கின் தோளில் மறைந்திருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

ஹாஸ்மனைட் தனியாகப் பிரிகிறது என்றால் மாங்கனீஸ் மிஞ்சுகிறது, அதாவது லாந்தனம் குறைகிறது. குறைந்த பொருளை எத்தனை முறை அரைத்துச் சுட்டாலும் அது வந்துவிடாது. அதனால்தான் பீக் போகவில்லை.

இரண்டு கேள்வி. லாந்தனம் ஆக்சைடை எடை போடும்போது தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதா? டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) உள்ள சிலிக்கா ஜெல் என்ன நிறம்? காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஸ்.

திருநகர் மாணவி:
ஆமாம் அக்கா, ஏறுகிறது! தராசு கோளாறு என்று கதவை மூடி, நின்றதும் எழுதிக்கொள்வேன். சிலிக்கா ஜெல் வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கிறது, நீலம் எங்குமே இல்லை.

வைகைக்கரை:
தராசில் கோளாறு இல்லை, பொடி உங்கள் கண் முன்னாலேயே காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. சுட்ட சுண்ணாம்பு மழைக்காற்றில் தானாகப் பூத்து உதிருமே, லாந்தனம் ஆக்சைடும் அதே சாதி. தண்ணீரைப் பிடித்து ஹைட்ராக்சைடாகிவிடும், காற்றின் கார்பன் டைஆக்சைடையும் விடாது. முழுவதும் ஹைட்ராக்சைடானால் எடை 16.6 சதவீதம் கூடும். வெள்ளைப் பொடி வெள்ளையாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மதுரைக் கோடையில் காற்று காய்ந்து கிடக்கும், அப்போது நீங்கள் தப்பித்தீர்கள்.

பாட்டிலிலிருந்து 2 கிராம் எடுத்து 1000 டிகிரியில் ஓர் இரவு சுட்டு, ஆறவைத்து எடை பாருங்கள்.

திருநகர் மாணவி:
2.000 கிராம் 1.770 ஆகிவிட்டது.

வைகைக்கரை:
11.5 சதவீதம் போயிருக்கிறது. கணக்குப் போடுவோம். 10 கிராம் மாதிரிக்கு லாந்தனம் ஆக்சைடு 5.035 கிராம் வேண்டும். உங்கள் பொடியில் அந்த எடைக்கு உள்ளே இருந்த உண்மையான ஆக்சைடு 4.456தான். நீங்கள் 0.7 என்று எழுதியது 0.62.

இது எக்ஸ்ஆர்டி படத்தை அழகாக்கும் விஷயம் மட்டும் இல்லை. இந்தப் பொருளின் காந்தமும் மின்கடத்தலும் மாங்கனீஸ் 3+, 4+ அயனிகளுக்கு இடையே எலெக்ட்ரான் தாவுவதால் வருபவை. இயற்பியலாளர் ஜெனர் 1951இல் சொன்ன இரட்டைப் பரிமாற்றம் இதுதான். 0.7க்கு மாங்கனீசின் சராசரி மின்சுமை 3.3. ஆக்சிஜன் முழுதாக இருப்பதாகக் கொண்டால் 0.62க்கு 3.54 வரவேண்டும். படிகம் அவ்வளவு தாங்காமல் மாங்கனீஸைத் துப்பிவிடுகிறது. தூய மாதிரி சுமார் 370 கெல்வின் வரை ஃபெர்ரோகாந்தமாக (இரும்பைப் போல வலுவான காந்தமாக) இருக்கும், அறை வெப்பத்தில் வேலை செய்யும் காந்த நினைவகங்களுக்கு இதைப் படிப்பதே அதற்காகத்தான். ஹாஸ்மனைட்டோ 43 கெல்வினுக்குக் கீழே தனியாகக் காந்தமாகும். குளிர வைத்துக் காந்த அளவீடு எடுத்தால் அங்கே ஒரு வளைவு வரும், அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

உலைக்கூடம்:
ஆய்வகத்தில் உலை பார்க்கும் ஆள் நான். அக்கா சொன்னது சரி, கைவேலையை நான் சொல்கிறேன். லாந்தனம் ஆக்சைடை எடை போடும் நாளுக்கு முந்தைய இரவே 1000இல் போடுங்கள். காலையில் 300 டிகிரி பக்கம் வந்ததும் இடுக்கியால் குரூசிபிளை (சுடும் கிண்ணத்தை) எடுத்து நேரே டெசிகேட்டருக்குள். உலைக்குள்ளேயே அறை வெப்பத்துக்கு ஆறவிட்டால் திரும்ப ஈரம் குடிக்கும். சூடாகவும் எடை போடாதீர்கள், தட்டின் மேல் காற்று எழும்பி எடை குறைத்துக் காட்டும். ஆறினதும் மூடியுள்ள எடைக் குப்பியில் போட்டு முதலில் இதை எடை எடுங்கள், மற்ற இரண்டும் அப்புறம். மீதியைப் பத்திரப்படுத்தி அடுத்த மாதம் எடுக்கலாம் என்று வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுடுங்கள். சிலிக்கா ஜெல்லை ஓவனில் 120 டிகிரியில் வைத்தால் நீலத்துக்குத் திரும்பும்.

திருநகர் மாணவி:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்ட்ரான்சியம் கார்பனேட், மாங்கனீஸ் டைஆக்சைடு இவற்றையும் 1000இல் சுட வேண்டுமா? ஏற்கனவே செய்த மாதிரிகளில் குறைந்த லாந்தனத்தைச் சேர்த்துக் காப்பாற்றலாமா?

வைகைக்கரை:
அவை இரண்டையும் 1000க்குக் கொண்டுபோகவே கூடாது. கார்பனேட் சிதையத் தொடங்கி, லாந்தனம் ஆக்சைடைவிட ஈரம் குடிக்கும் ஆக்சைடாகிவிடும். மாங்கனீஸ் டைஆக்சைடு 500 தாண்டினால் ஆக்சிஜனை இழக்கத் தொடங்கும், உங்கள் மோல் கணக்கு கெடும். இரண்டுக்கும் 120, 150 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தினால் போதும்.

பழைய மாதிரியில் லாந்தனம் சேர்த்துத் திரும்பச் சுட்டால் பீக் மறையும். ஆனால் அவற்றை எடை போட்ட நாளில் ஈரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, 11.5 இன்றைய கணக்கு. கூடுதலாகப் போட்டுவிட்டால் மிஞ்சும் லாந்தனம் ஆக்சைடு பெல்லட்டுக்குள் ஈரம் குடித்து உப்பி, சில வாரத்தில் பெல்லட்டே பொடியாகும். ஆய்வேட்டுக்குப் போகும் மாதிரியைப் புதிதாகவே செய்யுங்கள். பழையதை மின்முனை ஒட்டிப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.