அணை நீர், நாளின் நீளம்: கணக்கு உதைக்கிறது, அவசரம்

அரைக்கிணறு: அணையில் நீரைத் தேக்கினால் பூமியின் சுழற்சி மெதுவாகி நாள் 0.06 மைக்ரோ விநாடி நீளும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. எனக்கு அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் வருகிறது. சூத்திரம் சரிதான். எங்கே இடிக்கிறது? நாளைக் காலைக்குள் வேண்டும்.

வளர்பிறை: எந்த அணை? எவ்வளவு நீர்? சூத்திரத்தையே காட்டாமல் "சரிதான்" என்றால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது?

அரைக்கிணறு: சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைதான். 40 கன கி.மீ., 175 மீட்டர்.

பெருங்காற்று: அணையை விடுங்கள். காற்று மட்டுமே பருவத்துக்குப் பருவம் நாளின் நீளத்தை ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி வரை கூட்டிக் குறைக்கிறது. பசிபிக் கடல் சூடேறிக் காற்றோட்டம் மாறும் எல் நீனோ ஆண்டுகளைப் பாருங்கள், புரியும்.

முதுநிலை: தம்பி, நிலைமத் திருப்புத்திறன் பாடத்தைப் புரட்டியாவது பார்த்ததுண்டா? நிறை சுழலும் அச்சிலிருந்து தள்ளிப் போனால் சுழற்சி மெதுவாகும் என்பதுதான் அது. 175 மீட்டர் உயர்த்தியதை மட்டும் போட்டிருப்பீர்கள். அந்த நீர் வானத்திலா விளைந்தது? கடலிலிருந்து வந்தது. அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம், பரந்து கிடக்கும் கடலுக்குச் சராசரியாக ஆரத்தின் வர்க்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 31 பாகை வட அட்சரேகையில் இருக்கும் அணைக்கு அதே வர்க்கத்தில் 0.73 பங்கு. அந்த வித்தியாசம்தான் விடை. உயரம் வெறும் உதிரி.

வளர்பிறை: தொனி கிடக்கட்டும், விஷயம் சரி. இதே அணை 35 பாகையைத் தாண்டி வடக்கே இருந்தால் நாள் குறுகியிருக்கும். உலகின் அணைகள் மொத்தத்தில் நாளைச் சற்றே குறுக்கிவிட்டன என்றுதான் புவி இயற்பியலாளர் பென்ஜமின் சாவோ 1995இல் கணக்கிட்டார்.

கடிகை: கணக்கில் வருவது வேறு, கருவியில் தெரிவது வேறு. குவேசார்கள் எனும் மிகத் தொலைவான, பிரகாசமான விண்மண்டல மையங்களைப் பல ரேடியோ தொலைநோக்கிகளால் ஒருசேர நோக்கி அளந்தாலும் பிழை சில மைக்ரோ விநாடிக்குக் குறையாது. 0.06 எங்கே தெரியும்? மனிதன் பூமியை மெதுவாக்குகிறான் என்பது வெறும் பேச்சு.

வளர்பிறை: அணைக்குச் சரி. பனிக்கு? துருவப் பனி உருகிக் கடலில் பரவுவதும் நிலத்தடி நீர் கடலில் சேர்வதுமாக, 2000க்குப் பிறகு நூற்றாண்டுக்கு 1.33 மில்லி விநாடி வீதத்தில் நாள் நீள்கிறது என்று 2024இல் ஆய்வே வந்தது. நிலவின் இழுப்பால் நீள்வது நூற்றாண்டுக்கு 2.4 மில்லி விநாடி.

கடிகை: பிறகு ஏன் கடிகாரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக வைக்கச் சேர்க்கும் லீப் விநாடியை 2016க்குப் பின் சேர்க்கவே இல்லை? பூமி வேகமெடுத்ததால்தானே?

வளர்பிறை: அது உள்ளே இருக்கும் திரவக் கருவின் வேலை. பனி உருகியிராவிட்டால் கடிகாரத்தில் ஒரு விநாடியைக் கழிக்க வேண்டிய நாள் இன்னும் முன்னதாகவே வந்திருக்கும்.

பெருங்காற்று: காற்றை ஒருவரும் சட்டை செய்வதில்லை.

அரைக்கிணறு: கடலின் சராசரியைச் சேர்த்ததும் 0.12 வந்துவிட்டது. நன்றி. நீரின் பாரத்தில் தரை அமிழ்வதையும் சேர்த்தால் இன்னும் குறையுமாம், அதற்கு நேரமில்லை. இதையே கொடுத்துவிடுகிறேன்.

முதுநிலை: இரண்டு மடங்கு தள்ளி நிற்கும் விடையையா?