புதுப்பிப்பு: நியூயார்க் சுரங்க ரயிலில் கேமரா தடை என்ன ஆனது?

நியூயார்க் சுரங்க ரயிலிலும் பேருந்திலும் படம் எடுப்பதைத் தடை செய்ய 2004 மே மாதம் கொண்டுவந்த திட்டத்தைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். "கடைசியில் என்னதான் ஆச்சு?" என்று பலர் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

திட்டம் கைவிடப்பட்டது. 2005 மே மாதத்தில், அதைக் கொண்டுவந்த நியூயார்க் போக்குவரத்து ஆணையமே பின்வாங்கியது. அந்த இடைவெளியில் நடந்ததுதான் சுவாரசியம். 2004 ஜூனில் புகைப்படக்காரர்கள் கேமராவோடு ரயிலேறி, ஒருவரையொருவர் படமெடுத்துக்கொண்டே ஊரைச் சுற்றினார்கள். கோஷம் போடவே தேவையில்லாத போராட்டம்! அப்போதைய நியூயார்க் மேயர் புளூம்பெர்க்கும் தடையை ஆதரிக்கவில்லை. இத்தனைக்கும் 2004 அந்தச் சுரங்க ரயிலின் நூற்றாண்டு. 1904இல் ஓடத் தொடங்கிய ரயில் அது.

2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் நடந்த ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, படம் எடுத்துச் சதித் திட்டம் போடுவார்களோ என்று எழுந்த அச்சம் புரிகிறது. ஆனால் நிலையங்களின் வரைபடத்தை ஆணையமே இலவசமாகக் கொடுக்கிறது. சதி செய்கிறவன் கழுத்தில் பெரிய கேமராவை மாட்டிக்கொண்டா வருவான்? மாட்டுவது சுற்றுலாப் பயணியும் ரயில் பைத்தியங்களும்தான் (நானும் அந்தக் கூட்டம்தான்).

அப்புறம், "இப்போது போனால் எடுக்கலாமா?" என்ற கேள்வி. தாராளமாக. சொந்தத் தேவைக்குப் படம் எடுக்க விதியே அனுமதிக்கிறது. கேமராவைத் தாங்கும் முக்காலி, தனி விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் பலகை ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி இல்லை. கூட்டம் நெரியும் நடைமேடையில் முக்காலி விரித்தால் யாராவது இடறி விழுவார்கள், அதனால் இதில் எனக்குப் புகார் இல்லை.